சார்ஜர் போட்டால் தொடுதிரை தானாக அழுந்துகிறதா?

வணக்கம் சகோ. திருவொற்றியூர் வீட்டில் சார்ஜர் சொருகியதும் லேப்டாப் திரை தானாக அழுந்துகிறது, பிடுங்கினால் சரியாகிவிடுகிறது, கடையில் திரையையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிடுங்கினால் சரியாகிறது என்பதுதான் முக்கியம். அவசரப்பட்டுத் திரைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

விரல் பட்டதும் ஏற்படும் மிகச் சிறிய மின்தேக்க மாற்றத்தை (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவில் வரும் மாற்றத்தை) வைத்துத்தான் இந்தத் திரை வேலை செய்கிறது. சார்ஜர் வழியாக மின் இரைச்சல், அதாவது மின்சாரத்தோடு கலந்துவரும் தேவையற்ற அலைவு, வந்தால் அதையும் விரல் என்றே எடுத்துக்கொள்ளும். எர்த் இல்லாத பிளக்கில் இந்தத் தொல்லை அதிகம். நம் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் உலோகப் பகுதியை லேசாகத் தடவினால் சுருசுருவென்று இருக்கிறதா? அப்படியானால் சந்தேகம் இன்னும் வலுக்கும். எர்த் சரியாக உள்ள வேறொரு இடத்தில் அதே சார்ஜரை, மூன்று பின் பிளக்கோடு போட்டுப் பாருங்கள். அங்கே ஒழுங்காக இருந்தால் நீங்கள் கூப்பிட வேண்டியது எலெக்ட்ரீஷியனை. அங்கேயும் அடம்பிடித்தால், அதே மாடலின் ஒரிஜினல் சார்ஜரை யாரிடமாவது வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

அதுவரை வேலை ஓட, விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் ‘ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்’ என்பதைத் திறந்து, ‘டச் ஸ்கிரீன்’ என்று இருப்பதை டிசேபிள் செய்யுங்கள். மவுஸ் வழக்கம்போல் ஓடும்.

அப்புறம், டச்பேடோ அடிமூடியோ உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பியிருந்தால் பாட்டரி வீங்கியிருக்கலாம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.