கிடைக் குட்டிகளை எந்தச் சந்தைக்குக் கொண்டு போவது?

கேள்வி: நாங்குநேரி வட்டாரத்தில் பரம்பரையாக வயல்களில் உரத்துக்காக ஆட்டுக் கிடை போட்டுப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. கீழக்கரிசல் இனச் செம்மறி இருநூறும் கன்னி இன வெள்ளாடு இருபதும் இருக்கின்றன. பிசான நெல் அறுவடை முடிந்ததும் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து வயல்களில் கிடை போடுவோம். வழக்கமாக வரும் வியாபாரி, தை மாதம் பிறந்த கிடாய்க்குட்டிகளைச் சித்திரையில் ஜோடிக் கணக்கில் பிடித்துக்கொண்டு போவார். இந்த ஆண்டு ஜோடிக்கு 5,600 ரூபாய்க்கு மேல் தர மறுத்துவிட்டார். கறி கிலோ 800 ரூபாய்க்கு விற்கும்போது இது அநியாயம் என்று என் மகன்கள் பதினைந்து குட்டிகளை மேலப்பாளையம் சந்தைக்கு ஏற்றிப் போனார்கள். அங்கே தரகர்கள் சூழ்ந்துகொண்டு அதைவிடவும் குறைத்துக் கேட்டார்கள். ஒன்பது விலை போயின. மீதி ஆறைத் திருப்பிக் கொண்டுவந்து கிடையில் சேர்த்துவிட்டோம். அவற்றில் இரண்டுக்கு மூக்கு ஒழுகுகிறது. எட்டயபுரம் சந்தையில் கூடுதல் விலை கிடைக்குமா? வாடகை கட்டுப்படியாகவில்லை; கடன் வாங்கி லோடு ஆட்டோ எடுக்கலாமா? வியாபாரியிடம் ஐப்பசியில் வாங்கிய முன்பணமும் இன்னும் முழுதாகக் கழியவில்லை.

பதில்: அன்புள்ள ஐயா, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் மூக்கு ஒழுகல் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். சந்தைக்குப் போய்த் திரும்பிய ஆறு குட்டிகளையும் இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு கிடையை விட்டுத் தனியே கட்டுங்கள். பயணப் புழுதியாலும் மூக்கு ஒழுகலாம். ஆனால் ஆட்டுக்கொல்லி நோயும் இப்படித்தான் காய்ச்சலோடும் கண், மூக்கு நீரோடும் தொடங்கி, வாய்ப்புண், கழிசல், மூச்சிரைப்பு என்று சில நாட்களில் கிடை முழுவதும் பரவிவிடும். எந்த ஊர் ஆடு எந்த நோயோடு வந்து நிற்கிறது என்று யாருக்கும் தெரியாத இடம் சந்தை. 1962 என்ற எண்ணுக்கு அழைத்துக் கால்நடை மருத்துவரை வரவழைத்துக் காட்டுங்கள். தனியே கட்டியவை 21 நாள் தனியாகவே இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி வேறாக இருக்கட்டும். மற்ற ஆடுகளைப் பார்த்து முடித்த பிறகே அவற்றிடம் போங்கள். கால்நடைத் துறை இலவசமாகப் போடும் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியை மூன்று மாதம் கடந்த குட்டிகளுக்குப் போட்டால் ஏறத்தாழ மூன்று ஆண்டு காக்கும். நோய் உள்ளே புகுந்த பிறகு போட்டுப் பயனில்லை. இனிச் சந்தைக்கு ஏற்றும் உருப்படி எதுவும் கிடைக்குத் திரும்பாது என்று முடிவு செய்துகொண்டுதான் வண்டி பிடிக்க வேண்டும்.

எட்டயபுரம் பற்றிக் கேட்டீர்கள். சனிக்கிழமை கூடும் அந்தச் சந்தைக்கு வெளிமாவட்ட வியாபாரிகளும் வருவதால், செவ்வாய்க்கிழமை மேலப்பாளையத்தில் கிடைக்காத போட்டி அங்கே கிடைக்கக்கூடும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் நிச்சயமாகக் கிடைக்கும். ஆனால் வெளியூரிலிருந்து வருபவர் தேடுவது ஒரே அளவான, வளர்ந்த கிடாக்களை. நீங்கள் விற்பதோ பால்குடி மறந்து சில வாரங்களே ஆன குட்டிகளை. அவற்றை அவ்வளவு தூரம் ஏற்றிப் போனால், கூடக் கிடைக்கும் நூறும் இருநூறும் வாடகைக்கும் சுங்கத்துக்கும் தரகுக்குமே சரியாகப் போய்விடும்.

வியாபாரி அநியாயம் செய்கிறாரா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் குட்டி 10 கிலோ இருந்தால், வெட்டிய பிறகு கறியாக நிற்பது 45 விழுக்காடு, அதாவது நாலரைக் கிலோ. 800 ரூபாய் வீதம் அது 3,600 ரூபாய். உங்களுக்குத் தலைக்கு 2,800 தர முன்வந்தார். இடையில் நிற்கும் 800 ரூபாயில் வண்டி, வழியில் செத்துப்போகும் உருப்படி, வெட்டுக்கூலி, கடைக்காரரின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். தலை, கால், குடல், தோல் விற்பதையும் சேர்த்துக்கொண்டாலும், இது கொள்ளை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்போது அதே குட்டியைத் தீபாவளி வரை விற்காமல் நிறுத்தியதாக வைத்துக்கொள்வோம். ஒழுங்காகக் குடற்புழு நீக்கி, கோடையில் சீமைக்கருவேல நெற்றும் கைப்பிடி பிண்ணாக்கும் காட்டி வந்தால் 16 கிலோவுக்குக் கொண்டுவந்துவிடலாம். கறி 7.2 கிலோ, மதிப்பு 5,760 ரூபாய். அதே விகிதத்தில் விலை தந்தாலும் உங்கள் கைக்கு 4,480 ரூபாய் வர வேண்டும். உங்களிடம் ஜோடிக் கணக்கில் பிடிக்கும் குட்டிகள் பெரும்பாலும் உடனே கசாப்புக்குப் போவதில்லை; வளர்ப்பவர் கைக்குப் போகின்றன. நீங்கள் இழப்பது அந்த வளர்ச்சியைத்தான்.

இந்தக் கணக்கை நீங்களே போட வேண்டுமானால் குட்டியின் எடை தெரிந்திருக்க வேண்டும். இந்த வட்டாரத்துக் கிடைக்காரர்களிடம் நான் மீண்டும் மீண்டும் வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான்: எடை போடாமல் ஒரு குட்டியைக்கூடக் கிடையை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. வியாபாரி குட்டியைப் பிடித்ததும் என்ன செய்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகுத்தண்டின் இருபுறமும் கட்டைவிரலையும் நடுவிரலையும் வைத்து ஒருமுறை அழுத்துகிறார். வால் அடியைப் பிடித்துப் பார்க்கிறார். நெஞ்சுக்குக் கீழே கை கொடுத்து லேசாகத் தூக்கி இறக்குகிறார். அந்த மூன்று அசைவில் கறி எத்தனை கிலோ தேறும் என்று அரைக் கிலோ பிசகாமல் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. உங்களுக்கோ அது “நல்ல குட்டி” என்பதற்கு மேல் தெரியாது. அதன் பிறகு துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு விரல் பிடித்து விலை பேசினால், ஒருவர் எடையை வைத்துப் பேசுகிறார், மற்றவர் போன ஆண்டு விலையை வைத்துப் பேசுகிறார். இந்தப் பேரத்தில் நீங்கள் தோற்பது உங்களுக்குச் சாமர்த்தியம் இல்லாததால் நடப்பதன்று. எடை என்ற ஒரு செய்தி அவரிடம் மட்டும் இருப்பதால் நடக்கிறது.

மரக்கிளையில் தொங்கவிடும் மின்னணுத் தராசு ஒரு குட்டியின் விலையைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. சாக்கைக் கிழித்து வயிற்றுக்குக் கீழே தொட்டில் போலக் கட்டித் தூக்கினால் குட்டி திமிறாது. காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டும் முன், தண்ணீர் காட்டும் முன் எடை போடுங்கள். வயிறு நிறைய இரையும் நீருமாக இருக்கும் மாலையில் போட்ட எடை உங்களையே ஏமாற்றும். மாதம் ஒருமுறை, கிடாய்க்குட்டிகளை மட்டுமாவது போட்டு நோட்டில் எழுதுங்கள். எழுதத் தொடங்கிய இரண்டாம் மாதமே எந்தத் தாயின் குட்டி ஏறுகிறது, எது நின்ற இடத்தில் நிற்கிறது என்பது துலங்கிவிடும். தராசு கைக்கு வரும் வரை தையற்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். சுற்றளவு 23, நீளம் 20 என்றால் 16 கிலோ. கிலோ கணக்கில் பேசினால் வியாபாரி வரமாட்டார் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவர் தலைக் கணக்கிலேயே பேசட்டும். எடை உங்கள் நோட்டில் இருந்தால், எந்த விலைக்குக் கீழே துண்டிலிருந்து கையை எடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் கையை எடுக்கும் உரிமை உங்களுக்கு இப்போது இல்லை என்பதுதான் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. ஐப்பசியில் முன்பணம் வாங்கியபோதே சித்திரையில் யாருக்கு விற்பது என்பதை முடிவு செய்துவிட்டீர்கள். வட்டி இல்லாத பணம் என்று அதைச் சொல்வார்கள். விலையிலே கழிவதால் அந்த வட்டி கண்ணுக்குத் தெரிவதில்லை. பல வியாபாரிகள் நல்ல மனிதர்கள், ஆபத்துக்கு உதவியவர்கள். இருந்தும் முன்பணத்தில் குட்டி பிடிக்கும் வழக்கத்தை நான் முற்றாக எதிர்க்கிறேன். அதைக் கழிக்க வழி உங்கள் கிடையிலேயே இருக்கிறது. பல் விழுந்த தாய் ஆடுகளையும், இரண்டு பருவம் சினை பிடிக்காதவற்றையும் பாசத்தால் வைத்துக்கொண்டு, வளரும் குட்டியை விற்கிறோம். அந்தக் கிழட்டு ஆடுகளைக் கோடை முற்றி உடம்பு வற்றும் முன், பங்குனிக்குள் கொடுத்திருந்தால் மேய்ச்சலும் மிஞ்சியிருக்கும், கடனும் குறைந்திருக்கும். இவ்வாண்டு, சிறுத்த குட்டிகளைக் கொடுத்து முன்பணத்தை முழுதாகக் கழித்துவிட்டு, உடற்கட்டு நன்றாக அமைந்த பாதியை நிறுத்திக்கொள்ளுங்கள். வரும் ஐப்பசிக்குப் பணம் தேவைப்பட்டால், கால்நடை வளர்ப்போருக்கான உழவர் கடன் அட்டைக்கு வங்கியில் இப்போதே விண்ணப்பியுங்கள்.

நிறுத்திய கிடாவை எப்போது விற்பது என்பதற்கு நம் பக்கத்து நாட்காட்டியே போதும். ஆடி, ஆவணிக் கொடை விழாக்களுக்கு மாடன் கோயில்களில் கறுத்த வெள்ளாட்டுக் கிடா தேடுவார்கள். உங்கள் கன்னி ஆட்டுக் கிடாக்களுக்கு அதுதான் காலம். புரட்டாசியில் சந்தை படுத்துவிடும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் செம்மறிக் கிடாவை முடித்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் நீலநாக்கு நோயும் குளம்பு அழுகலும் வந்து, வந்த விலைக்குத் தள்ளிவிட நேரும். பக்ரீத் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும் என்பதால், இப்போது வைகாசியில் வருவது சில ஆண்டுகளில் சித்திரைக்கும் பங்குனிக்கும் வந்துவிடும். குர்பானிக்கு ஓராண்டு நிறைந்த வெள்ளாடோ, ஆறு மாதம் கடந்து ஓராண்டு உருப்படியைப் போலத் தெரியும் செம்மறியோ வேண்டும். நொண்டியோ குருடோ காதில் பெரும்பகுதி போனதோ ஆகாது. அடையாளத்துக்காகக் காதை ஆழமாக அறுக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு எண் பொறித்த காதுத் தோடு போடுங்கள். காப்பீட்டுக்கும் அது உதவும்.

எனினும் ஒரே பண்டிகையை, ஒரே வாங்குபவரை நம்பி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள சோமாலிலாந்து மேய்ச்சல்காரர்கள் பெர்பெரா துறைமுகம் வழியாக ஹஜ் காலத்துக்கு ஆடுகளைச் சவுதி அரேபியாவுக்குக் கப்பலேற்றிப் பிழைப்பவர்கள். ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற கால்நடை நோயைக் காரணம் காட்டி 2000-இல் சவுதி விதித்த தடை 2009 வரை நீடித்தது. நோயும் ஒற்றைச் சந்தையும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய வணிகமும் நின்றுபோகும்.

சந்தைக்குப் போவதைவிடச் சந்தையைக் கிடைக்கு வரவழைப்பது மேல். உங்களைப் போல ஆற்றங்கரை வயல்களில் கிடை போடும் நாலைந்து கீதாரிகள், அதாவது கிடைத் தலைவர்கள், சேர்ந்து, எடை பார்த்து 15 முதல் 18 கிலோ வரையுள்ள ஐம்பது, அறுபது கிடாக்களை ஒரே நாளில் ஒரே இடத்தில் நிறுத்தி, மூன்று வியாபாரிகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். அளவொத்த ஒரு லோடு நிற்கும் இடத்துக்கு வண்டி தானே வரும். அன்று காலை உப்புக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்து எடை ஏற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சோறும் அரிசியும் அள்ளிப் போடுவதும் அப்படியே. வயிறு உப்பிச் சாகும் ஆடு ஒருபுறமிருக்க, ஒருமுறை ஏமாந்த வியாபாரி அடுத்த முறை உங்கள் எடையை நம்பமாட்டார்.

லோடு ஆட்டோ வேண்டாம். ஆண்டில் சில நாள் மட்டும் ஓடும் வண்டிக்கு மாதத் தவணை கட்டப் பணமில்லாமல், மறுபடியும் சித்திரையில் குட்டியைத்தான் பிடித்துக் கொடுப்பீர்கள். பண்டிகைக்கு எட்டயபுரம் போவதானால் நாலைந்து கிடைகளுக்குமாக ஒரு வாடகை வண்டி பேசி, மருத்துவரிடம் உடல்நலச் சான்று வாங்கிக்கொண்டு, வெயிலுக்கு முன்னால் போய்ச் சேரும்படி இரவிலேயே கிளம்புங்கள்.