பழங்குடி மக்களோடு சேர்ந்து கட்டட வேலை செய்யும்போது அவர்களுக்கு உரிய மரியாதையை எப்படிக் கொடுப்பது?

கேட்டவர் கட்டடக்கலை மாணவர். மலைப்பகுதிக் குடியிருப்பு ஒன்றில் கல்லூரி சார்பாக வேலை தொடங்கப் போகிறார்களாம். முதலில் வீடு வீடாகப் போய் சர்வே எடுப்பதாகத் திட்டம் என்று எழுதியிருக்கிறார். அந்த சர்வேயைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் ஆஸ்திரேலியாவில் ஆர்க்கிடெக்டாக இருக்கிறேன். இங்கே இந்தத் துறைக்கு வருகிற யாரும் படித்தே ஆக வேண்டிய வேலை ஒன்று உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், பிட்ஜன்ஜாஜரா என்ற பழங்குடி மக்களின் பாலைநிலத்தில் 1985-இல் அது தொடங்கியது. 1981-இல்தான் சட்டப்படி அந்த நிலம் அவர்கள் கைக்குத் திரும்பியிருந்தது. அங்கே அவர்களே நடத்தும் மருத்துவ அமைப்பு நங்கனம்பா. அதன் இயக்குநராக இருந்தவர் யாமி லெஸ்டர். 1953-இல் பிரிட்டன் ஈமு ஃபீல்டு என்ற பாலைவனப் பகுதியில் அணுகுண்டு சோதித்தபோது சிறுவனாக இருந்தவர். கரும்புகை தங்கள் முகாம் மேல் வந்ததைச் சொல்லி, பார்வை போனதற்கு நியாயம் கேட்டு வாழ்நாளெல்லாம் போராடியவர்.

அவர் மூன்று பேரை அழைத்தார்: ஆர்க்கிடெக்ட் பால் ஃபொலெரோஸ், டாக்டர் பால் டோர்சில்லோ, சுற்றுப்புற சுகாதாரம் தெரிந்த ஸ்டீபன் ரெய்னோ. மருத்துவம் பார்ப்பது ஒரு பக்கம் நடக்கிறது, ஜனங்களுக்கு நோயே வராமல் இருக்க வழி பாருங்கள் என்பதுதான் அவர்களிடம் ஒப்படைத்த வேலை. வேலையைக் கொடுத்தது அந்த மக்கள். செய்யப் போனது வெளியாட்கள். இந்த வரிசை முக்கியம். நாமே ஒரு திட்டத்தைத் தயாரித்துக்கொண்டு போய், கடைசியில் அவர்களிடம் கையெழுத்து மட்டும் வாங்குகிற கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை பணிவாகப் பேசினாலும் அதில் மரியாதை இல்லை.

அந்தக் குழு ஒன்பது விஷயங்களைப் பட்டியலிட்டது. முதலாவது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தினமும் குளிப்பாட்ட அந்த வீட்டில் முடிகிறதா என்பது. கேட்கச் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். குளிர்காலப் பாலைவனத்தில் அது வெந்நீராக இருக்க வேண்டும். போர்வெல் தண்ணீரின் உப்பு ஹீட்டருக்குள் படிந்து அடைத்திருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் போதுமான அளவு டேங்க் வேண்டும். ஷவரில் நிற்கத் தெரியாத குழந்தைக்கு ஒரு தொட்டி, அதை அடைக்க ஒரு மூடி. குளித்த தண்ணீர் வெளியே போக வேண்டும். சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் பிள்ளை குளிக்காது. கண்நோய், சிரங்கு, காதில் சீழ் எல்லாம் வரும். ட்ரக்கோமா என்ற கண்நோய் பார்வையையே பறித்துவிடும்.

அவர்கள் வகுத்துக்கொண்ட விதிதான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது: வேலை செய்யாமல் சர்வே கிடையாது. குடும்பத்தின் சம்மதம் வாங்கி வீட்டுக்குள் போகும் குழுவில் உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள், கையில் கருவிப்பை இருக்கும். 200-க்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதிப்பார்கள். சின்னப் பழுதை அங்கேயே சரிசெய்வார்கள். எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் அன்றைக்கே பின்னால் வருவார்கள், உயிருக்கு ஆபத்தானதில் முதலில் கை வைப்பார்கள். இந்த வேலைகளில் கூலி வாங்கியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அந்தந்த ஊர்ப் பழங்குடியினரே.

நாடு முழுக்க ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்ததில் இன்னொன்றும் தெரிய வந்தது. பழுதுகளில் 70 சதவீதம் பராமரிப்பு இல்லாததால் வந்தவை. 21 சதவீதம் கட்டும்போதே ஒப்பேற்றிய வேலை. குடியிருப்பவர்களால் கெட்டது 9 சதவீதம்தான். "அவங்களுக்கு வீட்டை வெச்சுக்கத் தெரியாது" என்று அதிகாரிகள் முதல் டாக்ஸி ஓட்டுபவர் வரை சொல்லிக்கொண்டிருந்த பழிக்கு இந்தக் கணக்கைவிட நல்ல பதில் கிடையாது. தமிழ்நாட்டில் தொகுப்பு வீடுகளைப் பற்றியும் அச்சுப் பிசகாமல் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன், கோபம்தான் வரும். நியூ சவுத் வேல்ஸ் மாநில சுகாதாரத் துறை பத்து வருட வேலையை மதிப்பிட்டபோது, இப்படிச் சரிசெய்த வீடுகளில் இருந்தவர்கள் தொற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்வது இந்த வேலை நடக்காத வீடுகளில் இருந்த பழங்குடியினரைவிட 40 சதவீதம் குறைந்திருந்தது.

புதிதாகக் கட்டுவதற்கும் ஓர் உதாரணம் உண்டு. நடு ஆஸ்திரேலியாவில் உலுரு என்ற பெரும்பாறைக்குப் பக்கத்தில் 1995-இல் திறந்த பண்பாட்டு மையத்துக்கு, ஆர்க்கிடெக்ட் கிரெகரி பர்ஜெஸ் அங்கேயே தங்கி, அந்த நிலத்துக்குரிய பழங்குடியினரான அனங்கு மக்களோடு நடந்து, அவர்கள் மணலில் வரைந்து காட்டியதிலிருந்து வடிவம் எடுத்தார். அந்த மண்ணிலேயே அறுத்த, சுடாத மண்கல். அழகான கட்டடம்தான். ஆனாலும் மாணவர்கள் அதன் போட்டோவைப் பார்த்து அந்த வளைவுகளைக் காப்பியடிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அங்கே தங்கிய நாட்களையல்லவா எடுத்துக்கொள்ள வேண்டும்!

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாளே ஒரு பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கல்லூரியில் சண்டை போடுங்கள். தண்ணீர் சுமக்கிற, அடுப்பு எரிக்கிற பெண்களிடம் தனியாகப் பேச உங்கள் குழுவில் பெண்கள் இருக்கட்டும். வழிகாட்டவும் மொழிபெயர்க்கவும் வருகிற உள்ளூர் இளைஞர்களுக்கு நாள்கூலி கொடுங்கள். சான்றிதழ் கொடுத்து முடித்துக்கொள்ளாதீர்கள். வனப்பகுதி என்றால் 2006-இன் வன உரிமைச் சட்டப்படி தன் கருத்தைச் சொல்லும் உரிமை அங்குள்ள கிராம சபைக்கு இருக்கிறது. திட்டம் காகிதத்தில் ஏறுவதற்கு முன்பே அவர்கள் முன்னால் போய் நில்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு வர உங்கள் பேராசிரியர் தயாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள். எடுக்கிற அளவுகள், படங்கள், வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி, அவர்களுக்குப் புரிகிற தமிழில், அந்த ஊரிலேயே இருக்க வேண்டும்.