அந்தச் சின்ன மணிக்கூட்டுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: அண்ணா, நான் களுவாஞ்சிக்குடியில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். பழைய விண்டோஸ் 7 கொம்பியூட்டரில் திரையின் வலப்பக்கம் ஒரு மணிக்கூடும் கலண்டரும் நிற்கும், பார்க்க வடிவாக இருக்கும். புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 இல் அது இல்லை. தேடிப் பார்த்து ஒரு தளத்தில் இருந்து இறக்கிப் போட்டேன், ஒரு எம்பி கூட இல்லை. போடும்போது நீலமாக ஒரு எச்சரிக்கை வந்தது, அதைத் தாண்டிவிட்டேன். இப்போது குரோமைத் திறந்தால் ஏதோ தெரியாத தேடல் பக்கம் வருகிறது. ஒரு மணிக்கூட்டால் இப்படி வருமா?

பதில்: வரும் தங்கச்சி. மணிக்கூடே செய்த வேலையாக இருக்கலாம், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வேறொன்றின் வேலையாகவும் இருக்கலாம். எதுவானாலும் நீங்கள் விடாத ஒன்று உள்ளே ஓடுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நீங்கள் வாசிக்கும் நேரமும் அந்தக் கொம்பியூட்டர் கடையில் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு உங்கள் போனை எடுத்து, போனில் இருந்தே ஜிமெயில், பேஸ்புக், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அந்தக் கொம்பியூட்டரிலேயே இருந்து மாற்றினால் புதுப் பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேறும் வசதி ஜிமெயிலிலும் பேஸ்புக்கிலும் இருக்கிறது, அதையும் அழுத்துங்கள். பாஸ்வேர்டைத் தொடாமலே, நீங்கள் ஏற்கனவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்று தளத்துக்குக் காட்ட குரோம் சேமித்து வைத்திருக்கும் குக்கி என்ற சின்னக் குறிப்பை மட்டும் அள்ளிக்கொண்டு போய் உங்கள் கணக்குக்குள் நுழையும் மென்பொருள்கள் இருக்கின்றன, அவற்றுக்கு போனுக்கு வரும் ஓடிபி கூடத் தேவைப்படாது. அப்புறம் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் ஒவ்வொன்றும் போடப்பட்ட நாளைப் பார்த்து, மணிக்கூட்டைப் போட்ட அன்றைக்குப் புதிதாக வந்து உட்கார்ந்த எல்லாவற்றையும் நீக்குங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஓஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கும், அதை ஓட விடுங்கள், கொம்பியூட்டர் தானாக அணைந்து திரும்ப எழும்பி ஒரு கால் மணி நேரம் தேடும். கடைசியில் குரோமின் செட்டிங்ஸை ரீசெட் செய்யுங்கள். அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் வந்தால் மினக்கெட வேண்டாம், கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

சரி, இப்போது காரணம். நீங்கள் தேடிய மணிக்கூடு, கலண்டர் போல திரையில் நிற்கும் சின்ன மென்பொருளுக்குக் காட்ஜெட் என்று பெயர், அது 2007 இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது, விண்டோஸ் 7 இலும் இருந்தது. 2012 ஜூலையில் மைக்ரோசொஃப்ட் நிறுவனமே, இதன் வழியாக வெளியாள் கொம்பியூட்டரைக் கைப்பற்றலாம் என்று பாதுகாப்பு அறிவித்தல் விட்டு, காட்ஜெட்டுகளை ஒரேயடியாக நிறுத்துவதற்கு ஒரு கருவியையும் கொடுத்தது. விண்டோஸ் 8 இல் அதைத் தூக்கியே விட்டார்கள். ஆகவே 'விண்டோஸ் 11க்கு காட்ஜெட்' என்று இன்றைக்கு யார் தந்தாலும் அது மைக்ரோசொஃப்ட் தருவது இல்லை. விண்டோஸ் சாவியோடு டபிள்யூவை அழுத்தினால் வருகிற விட்ஜெட் வேறு, அது விண்டோஸோடு சேர்ந்தே வருவது.

சில வருடங்களுக்கு முன் மட்டக்களப்பு டவுனில் ஒரு நண்பரின் கடையில் இப்படி ஒரு வானிலை காட்ஜெட்டை அவிழ்த்துப் பார்த்தேன். காட்ஜெட் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்புத்தான், பெயரின் வாலை ஜிப் என்று மாற்றினால் திறந்துவிடும். உள்ளே சூரியன், மேகம், மழை என்று நாலைந்து படங்கள், ஒரு இணையப் பக்கம், ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. அந்தக் கோப்பில் ஒரு வரி, அரை மணிக்கொரு தடவை ஓர் இணைய முகவரிக்குப் போய் அங்கே கிடப்பதை எடுத்து வந்து அப்படியே ஓட்டச் சொல்கிறது. பூட்டுக் குறி இல்லாத வெறும் எச்டிடிபி முகவரி. அந்த முகவரியைத் தட்டினால் 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்று வந்தது. செய்தவர் நல்லவராகவே இருந்திருக்கலாம், செய்துவிட்டுப் போய்விட்டார். நாளைக்கு அந்தப் பெயரைக் காசு கொடுத்து வாங்குகிறவர் எதை அங்கே வைத்தாலும் என் நண்பரின் கடைக் கொம்பியூட்டர் எடுத்து ஓட்டும், அதுவும் கடைக்காரருக்கு உள்ள அத்தனை உரிமையோடும். எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

உங்கள் கடையை நினைத்தால் அந்தப் பயம் இன்னும் கூடுகிறது தங்கச்சி. உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் எத்தனை பேருடைய அடையாள அட்டை ஸ்கேன் கிடக்கிறது? பாஸ்போர்ட் பக்கம், பிறப்புச் சான்றிதழ், வெளிநாட்டில் இருக்கிற மகன் அனுப்பிய வங்கி விபரம். நம்பித் தந்துவிட்டுப் போன சனத்துக்கு அது அங்கேயே கிடக்கிறது என்பது கூடத் தெரியாது. ஒவ்வொரு நாளும் கடை பூட்டுமுன் அதை அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். கடை வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், எதையாவது புதிதாகப் போடத்தான் அட்மின். யாருடைய கணக்காவது, பணமாவது போயிருந்தால் கணினிப் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் (CERT) அமைப்பின் 101 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லலாம்.

கேள்வி: தம்பி, நான் காத்தான்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர். தொழுகை நேரத்தைத் திரையில் காட்டுகிற ஒன்றை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அனுப்பினார். தெரிந்த ஆள்தான். போடலாமா?

பதில்: சேர், ஆள் தெரிந்தவர், கோப்பை யார் செய்தது என்று அவருக்கும் தெரியாதே. குழுக்குழுவாகக் கைமாறி வந்திருக்கும். முதலில் ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ என்பதற்குள் போய், கோப்புப் பெயரின் வாலைக் காட்டும் தெரிவை இயக்குங்கள், விண்டோஸ் அதை வழமையாக மறைத்தே வைத்திருக்கும். பிறை படத்தோடு இருப்பதன் வால் இஎக்ஸ்இ என்றோ எஸ்சிஆர் என்றோ இருந்தால் அது படம் இல்லை, ஓடப்போகிற புரோகிராம். வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும், ஆனால் புதிதாகச் செய்த வைரஸ் அதிலும் தப்பிவிடக்கூடும், ஆகவே 'சுத்தம்' என்று வந்ததை மட்டும் நம்பிப் போட வேண்டாம். உங்கள் சொந்த ஆவணங்களை அதில் ஏற்றவும் வேண்டாம், ஏற்றுவதை மற்றவர்களோடு பகிர்கிற தளம் அது. என்னைக் கேட்டால், தொழுகை நேரத்துக்கு ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து புக்மார்க் செய்து வைத்தால் போதும் சேர், இறக்கிப் போடவே தேவையில்லை.

கேள்வி: ஒலுவிலில் கம்பஸ் படிக்கிறேன். குரோமோடு சேர்த்துப் போடும் சின்ன மென்பொருளான எக்ஸ்டென்ஷனை குரோமின் சொந்தக் கடையில் இருந்து மட்டும்தான் போடுகிறேன். அப்படியென்றால் பயமில்லைதானே அண்ணா?

பதில்: வாட்ஸ்அப்பில் வருவதை விட எவ்வளவோ மேல் தம்பி, ஆனால் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. த கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது, திறந்து கிடக்கும் டேப்களை உறங்க வைத்து ரேமை மிச்சப்படுத்தும், நல்ல பெயர் எடுத்தது. 2020 இல் செய்தவர் அதை வேறு ஆளுக்கு விற்றார், 2021 பிப்ரவரியில் தீங்கான மென்பொருள் இருக்கிறது என்று கூகுளே அதைத் தூக்கியது. வைத்திருந்தவர்கள் புதிதாக எதையும் போடவில்லை, அது தானாக அப்டேட் ஆனது, அவ்வளவுதான். எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றின் விபரத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள். எல்லாத் தளங்களின் தரவையும் வாசிக்கவும் மாற்றவும் உரிமை எடுத்து வைத்திருப்பவற்றில், இந்த மாதம் நீங்கள் ஒருதரம் கூடப் பாவிக்காதது இருந்தால் இன்றைக்கே நீக்குங்கள். பாவிப்பதையும், ஐகனை அழுத்தும்போது மட்டும் இயங்கும்படி அங்கேயே மாற்றி வைக்கலாம்.