‘நாமக்கோழி சார்’ நேரில் வரலாமா?

வணக்கம் சார்,

பறவைகளை அடையாளம் காணும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். அங்கே என் பெயர் நாமக்கோழி, ஒரு நீர்ப்பறவையின் பெயர். படமும் அதுதான். யார் உள்ளான் என்ற கரையோரப் பறவையின் படம் போட்டாலும் முதல் பதில் என்னுடையதாக இருக்கும். அதனாலோ என்னவோ, என்னை ரிட்டயரான வாத்தியார் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ‘நாமக்கோழி சார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் திருத்தவில்லை. நான் 26 வயதுப் பெண், மருந்துக்கடையில் வேலை. எழுதும்போது வரும் வாய் நேரில் வராது. புது ஆட்கள் நாலு பேர் இருந்தால் ஊமைதான். இந்தப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குத் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் எல்லோரும் கூடுகிறார்கள். என்னைப் பார்த்தால் ஏமாந்துவிடுவார்களோ என்று இருக்கிறது. “பார்க்காமல் பழகுவதே நல்லது, பிசிராந்தையாரை நினைத்துக்கொள்” என்கிறாள் தோழி. போகலாமா, விட்டுவிடலாமா? இனி என் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

போய்விட்டு வாருங்கள்.

உங்கள் தோழி பிசிராந்தையாரைப் பாதியில் நிறுத்திவிட்டார். மேடையில் பேசுகிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். காணாமலே நட்பு என்று சொல்லிக் கைத்தட்டு வாங்கிவிட்டு இறங்கிவிடுவார்கள். ஆனால் மனிதர் பாண்டிய நாட்டிலிருந்து புறப்பட்டுச் சோழனைத் தேடி வந்தார் அல்லவா? கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த நேரம் அது. வந்தவரிடம் அங்கிருந்த சான்றோர் கேட்டதாகப் புறநானூறு 191ஆம் பாட்டின் குறிப்பு சொல்வது என்ன தெரியுமா? உங்களைப் பற்றிப் பல காலமாகக் கேள்விப்படுகிறோமே, இன்னும் உமக்கு நரைக்கவில்லையே, எப்படி? அவர்களும் மனதுக்குள் ஒரு கிழவரை வரைந்து வைத்திருந்திருக்கிறார்கள். அரசன் சாகக் கிடக்கும் இடத்தில் தலைமுடி விசாரணை! ஆந்தையார் கோபித்துக்கொள்ளவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊர்ச் சான்றோர் எல்லோரும் அப்படி அமைந்தார்கள், அதனால் நரைக்கவில்லை என்று பொறுமையாகப் பதில் சொன்னார். உங்களுக்கும் அந்தக் கேள்வி காத்திருக்கிறது. அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

பார்க்காமலே இருப்பது தவறென்று சொல்ல வரவில்லை. ரஷ்ய இசைமேதை சைக்கோவ்ஸ்கியும் அவரை ஆதரித்த நதேழ்தா வான் மெக்கும் 1876 முதல் 1890 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். சந்திப்பதில்லை என்பது பேச்சு. 1879இல் தற்செயலாக எதிரெதிரே வந்துவிட்டபோதுகூட ஒரு வார்த்தை பேசாமல் கடந்துபோனார்கள். ஆனால் அது இரண்டு பேரும் சேர்ந்து வைத்துக்கொண்ட ஏற்பாடு. உங்கள் குழுவில் மற்றவர்கள் கூடப்போகிறார்கள், நீங்கள் மட்டும் ஒதுங்குகிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

‘பேச்சு வராது’ என்கிறீர்கள். நீங்கள் போவது கல்யாண வரவேற்புக்கு அல்லவே. இணையத்தில் பழகியவர்கள் ஓட்டலில் வட்டமாக உட்கார்ந்து ஆளாளுக்குத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். அதைப்போல் நெளிய வைப்பது வேறில்லை. ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு சந்திப்பது வேறு. பொழுதுபோக்காக வானொலிக் கருவி வைத்து ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் ஹாம் வானொலிக்காரர்கள் இதில் முன்னோடிகள். முகம் பார்க்காமல், குரலையோ மோர்ஸ் ஒலியையோ வைத்துப் பழகும் கூட்டம் அது. அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய அவர்களுடைய ‘ஃபீல்டு டே’யில் வெட்டவெளியில் கூடாரம் போட்டு, ஆன்டெனா கட்டி, ஜெனரேட்டர் வைத்து, நாள் முழுக்க முறை வைத்து வானொலி இயக்குவார்கள். கயிற்றின் அந்த முனையைப் பிடிப்பவர் உயரமா குட்டையா என்று பார்க்க யாருக்கு நேரம்?

பொங்கல் கணக்கெடுப்பும் அப்படித்தான். 2015 முதல் நடக்கிறது. குளக்கரையில் ஒருவர் ஸ்கோப்பில் கண் வைப்பார், ஒருவர் எண்ணுவார், ஒருவர் போனில் இ-பேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தின் பட்டியலில் ஏற்றுவார். எல்லோரும் தண்ணீரைப் பார்த்து நிற்பீர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் அல்ல. அங்கே சத்தம் போட்டுப் பேசுகிறவர்தான் திட்டு வாங்குவார். உங்கள் ஊமைத்தனம் அன்றைக்குத் தகுதி. பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்தை எண்ணி, அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கி, அதை வைத்து மொத்தத்தையும் அளக்க வேண்டும். நீங்கள் முந்நூறு என்பீர்கள், பக்கத்தில் நிற்பவர் நானூற்றைம்பது என்பார். மறுபடி எண்ணுவீர்கள். உள்ளான் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். குளிர்காலத்தில் எல்லாம் ஒரே பழுப்பு. அந்த வாக்குவாதத்தில் உங்களுக்குத் தானாகவே பேச்சு வந்துவிடும்.

எனக்குக் கவலை கொடுப்பது அதற்கப்புறம் வரும் இட்லிக்கடை. பைனாகுலரைக் கழற்றி மேஜையில் வைத்ததும் விசாரணை ஆரம்பிக்கும். “சொந்த ஊர் எது? அங்கே எந்தப் பக்கம்? எந்தத் தெரு? இன்னார் உங்களுக்குச் சொந்தமா?” கேட்பவர் எதை அறியப் பார்க்கிறார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இத்தனை வருடம் நாமக்கோழிக்குச் சாதி இருக்கவில்லை. அதனால்தான் அவர்கள் உங்களிடம் உள்ளானைப் பற்றி மட்டும் கேட்டார்கள். நேரில் கூடுவதில் உண்மையான நஷ்டம் என்று ஒன்று உண்டானால் இதுதான், உங்கள் வயதோ தோற்றமோ அல்ல. எல்லோரும் கேட்க மாட்டார்கள். கேட்கிற ஒருவரிடம் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டு சட்னி வாங்கப் போய்விடுங்கள். இரண்டாம் முறையும் கேட்டால், “அது எதற்கு உங்களுக்கு?” என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். மரியாதைக் குறைவு அவருடையதுதான்.

ஏற்பாடு செய்பவருக்கு இப்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள்: நான் சார் இல்லை, 26 வயதுப் பெண், வருகிறேன். நேரில் வைத்துத் திகைக்க வைத்தால் காலைப்பொழுது அதிலேயே போய்விடும். வரும் பெண்கள் யாரென்று கேட்டு ஒருவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். விடிவதற்கு முன் முன்பின் பார்த்திராத ஒருவர் காரில் தனியாக ஏற வேண்டியதில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். நீங்கள் விடிந்தபின் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லலாம். நீர்ப்பறவைகள் எட்டு மணிக்கும் குளத்தில்தான் இருக்கும். வரித்தலை வாத்து வந்திருந்தால், அது இரவில் வயலில் மேய்ந்துவிட்டுப் பகலில் தண்ணீரோரம் ஓய்வெடுக்கும் ஜாதி. போனதுமே குரூப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் ஏற்றும் ஆள் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விக்கிப்பீடியர்களின் விக்கிமேனியா மாநாட்டில் படம் எடுக்கப்பட விரும்பாதவர்களுக்கு அடையாளம் தனியாகத் தருவதுண்டு. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பெயர் விஷயம்: அது உங்கள் இஷ்டம். ‘சார்’ போய்விட்டால் போதும், நாமக்கோழி இருக்கட்டும் என்பேன்.