சிப்பித்தூள் இட்டால் ஷாப்லியின் சுவை வருமா?

கேள்வி: வெயில் மிகுந்த சமவெளியில் ஆறு ஆண்டுகளாக ஷார்டனே திராட்சை பயிரிட்டு வருகிறேன். ஒயின் கனத்து, அன்னாசி வாசனையோடு வருகிறது. பிரான்சின் ஷாப்லி ஒயினில் உள்ள எலுமிச்சைப் புளிப்பும் கல் வாசமும் வரவில்லை. ஷாப்லி மண்ணில் சிப்பி இருப்பதால் சிப்பித்தூள் இடும்படி இடுபொருள் விற்பவர் வற்புறுத்துகிறார். ஏக்கருக்கு எவ்வளவு இடலாம்?

பதில்: ஒரு கிலோகூட வேண்டாம். ஷாப்லியின் சுண்ணாம்புக் களிமண்ணில் சிப்பிப் படிமங்கள் நிறைந்திருப்பது உண்மைதான். ஆனால் சிப்பியின் சுவை வேர் வழியே ஏறிப் பழத்தில் தங்குவதில்லை. சுண்ணாம்பு தேவையா என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். உங்கள் மண் ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்ததாக இருந்தால், இந்தத் தூள் இரும்புச்சத்துக் குறையைக் கூட்டி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கக் கொழுந்திலைகளை மஞ்சளாக்கிவிடும். அந்தத் தொல்லைக்கு அஞ்சித்தான் ஷாப்லியிலும் ஷாம்பெயினிலும் சுண்ணாம்பைத் தாங்கும் 41பி வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுகிறார்கள். அவர்கள் சமாளித்துக்கொண்டிருக்கும் தொல்லையை உங்களுக்கு உரமென்று விற்கப் பார்க்கிறார் அந்த வியாபாரி.

உங்கள் பழத்தின் புளிப்பு எந்த வாரத்தில் கரைந்துபோகிறது என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஷார்டனே தனக்கென்று உரத்த வாசனை இல்லாத இரகம் என்பதால், விளையும் இடத்தின் வெப்பநிலை அதில் அப்படியே தெரியும். வெப்பம் மிகுந்தால், இரவிலும் தணியாதபோது இன்னும் விரைவாக, பழம் தனக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தைச் சுவாசத்திலேயே செலவழித்துவிடும். கலிபோர்னியாவின் கார்னெரோஸில் சான் பாப்லோ விரிகுடாவின் மூடுபனியும் காற்றும், சிலியின் காசாபிளாங்காவில் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும் அந்தச் செலவைக் குறைக்கின்றன. உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிழலும் அறுவடை நாளும் மட்டுமே உங்கள் கையில் இருக்கின்றன.

ஆகவே பிற்பகல் வெயில் விழும் பக்கத்து இலைகளைக் கிள்ளாதீர்கள். மணிகள் இளகத் தொடங்கியதும், பல கொடிகளில் குலையின் மேல், நடு, நுனி என இருநூறு மணிகளை வாரம் இருமுறை பறித்துப் பிழிந்து, சர்க்கரையோடு, புளிப்பு குறையக் குறைய ஏறும் பிஎச் அளவையும் குறித்து வாருங்கள். பெரும்பாலோர் சர்க்கரையை மட்டும் பார்த்து, அதை அளக்கும் பிரிக்ஸ் கணக்கு 24-ஐத் தொடும்வரை காத்திருக்கிறார்கள். வெப்பமான தோட்டத்தில் அதற்குள் பிஎச் 3.5-ஐத் தாண்டிவிடக்கூடும். 21 பிரிக்ஸை ஒட்டி, பிஎச் 3.3-ஐத் தாண்டுமுன், விடியற்காலைக் குளிரிலேயே அறுத்துவிடுங்கள். ஷார்டனே பயிரிடுபவர் காசு போட்டு வாங்க வேண்டிய முதல் பொருள் நல்ல பிஎச் மீட்டர்தான் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். அது இல்லாத தோட்டத்தில் உரப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் பயனில்லை.

இன்னொன்று: ஷாப்லியில் பெரும்பாலான ஒயின்களில் மாலிக் அமிலம் புளிப்புக் குறைந்த லாக்டிக் அமிலமாக மாற விடப்படுகிறது. அவர்களிடம் இழப்பதற்குப் புளிப்பு மிச்சம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. நொதித்தல் முடிந்ததும் தொட்டியைக் குளிர்வித்து, அளவறிந்து கந்தக டை ஆக்சைடு சேர்த்து அந்த மாற்றத்தைத் தடுங்கள். நுண்வடிகட்டியில் வடிக்காமல் அடைத்தால் அது பாட்டிலுக்குள் தொடங்கிவிடலாம். மரவாசனைக்காக ஒயினில் இடும் ஓக் சில்லுகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

அடுத்த பருவத்தில் முழுத் தோட்டத்தையும் மாற்ற வேண்டாம். இரண்டு வரிசைகளை மட்டும் வழக்கத்துக்குப் பத்து நாள் முன்னதாக அறுத்து, தனித் தொட்டியில் நொதிக்கவிட்டுச் சுவைத்துப் பாருங்கள்.