தோழிகள் வாசித்துக் காட்டினால் போதுமா?

அன்புள்ள ஐயா,

திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். இவ்வாண்டு முதுகலையில் பார்வையற்ற மாணவி ஒருவர் சேர்ந்திருக்கிறார். சாய்தளம் இருக்கிறது, தேர்வில் எழுதித்தர ஆளும் உண்டு. தோழிகள் பாடங்களை வாசித்துக் காட்டுவதைப் பார்த்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது. அவரோ, பல ஆண்டுகளாக நாங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்துவைத்த குறிப்புகளை, பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் கேட்கிறார். ஒருவருக்காக ஒரு துறையே மாற வேண்டுமா?

— வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாறத்தான் வேண்டும்.

பார்வையற்ற மாணவிக்குச் சாய்தளத்தால் என்ன பயன்? எதைக் கேட்டாலும் சாய்தளத்தைக் காட்டுவது நம் கல்லூரிகளின் வழக்கமாகிவிட்டது. (அதன் அடியில் பைக் நிறுத்தாத கல்லூரியை மதுரைப் பக்கம் நான் அதிகம் பார்த்ததில்லை.)

பாமினியில் திரையில் தெரிவதுதான் தமிழ். கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். நீங்கள் 'அம்மா' என்று அடித்ததை, கோப்பில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் 'எம்கே, கேஎச்' என்று உளறும். யாப்பிலக்கணத்தை இப்படிக் கேட்டு யார் படிப்பது? ஸ்கேன் செய்த பக்கமென்றால் அந்த உளறலும் கிடையாது. யூனிகோடாக இருந்தால் என்விடிஏ என்ற இலவச மென்பொருளே வாசித்துவிடும். 2006இல் அதைத் தொடங்கியவரும் பார்வையற்ற ஓர் ஆஸ்திரேலிய இளைஞர்தான். பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன.

தோழிகள் நல்ல பிள்ளைகள், சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்கு ஒழியும்போதுதான் இவருக்குப் படிப்பு. தேர்வுக்கு முந்தைய இரவு ஒரு பத்தி பிடிபடவில்லையென்றால் யாரை எழுப்புவது? உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண்ணிடம் "இன்னொரு முறை வாசி" என்று கேட்க வாய் வருமா?

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவர் சான்றளித்த 40 விழுக்காடு குறைபாட்டை வைத்தே ஒருவரை மாற்றுத்திறனாளி என்றது. இடஒதுக்கீட்டுக்கு அந்தக் கணக்கு இன்றும் உண்டு. ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைக்குள் சுற்றியிருக்கும் தடைகளும் வந்துவிட்டன. உடற்குறையும் தடையும் சேர்ந்துதான் ஒருவரின் பங்கேற்பை முடக்குகின்றன என்கிறது அது. உங்கள் துறையில் அந்தத் தடை பாமினி.

யூனிகோடு வந்தால் மற்ற மாணவர்களும் செல்பேசியில் தேடிப் படிக்கலாம் என்று சொல்லி உங்களைச் சம்மதிக்க வைக்கலாம். எனக்கு அந்த வாதம் பிடிக்காது. வேறு ஒருவருக்கும் பயனில்லை என்றாலும் அவருக்குத் தந்தாக வேண்டும். அதே வினாத்தாளுக்குத்தான் அவரும் விடை எழுதப்போகிறார்.

மாற்றிய கோப்பை முதலில் அவரிடமே கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அட்டவணைகளும் யாப்பு வாய்பாடுகளும் எங்கே குழம்புகின்றன என்று அவர் சொல்லிவிடுவார்.