பனிக்குட நீர் அதிகமா? தண்ணீரைக் குறைக்காதீர்கள், சுகரைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 26. இரண்டாவது கர்ப்பம், இப்போது 31 வாரம். போன வாரம் எடுத்த ஸ்கேனில் ஏ.எஃப்.ஐ. (பனிக்குட நீரின் அளவைக் காட்டும் எண்) 27 என்றும், பனிக்குட நீர் அதிகம் என்றும் வந்திருக்கிறது. ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருந்தது. 16ஆம் வாரம் சுகர் டெஸ்ட் எடுத்தபோது நார்மல் என்றார்கள். என் ரத்த வகை பி நெகட்டிவ். நான் நிறையத் தண்ணீர் குடிப்பதால்தான் இப்படி ஆகிவிட்டது என்று வீட்டில் சொல்லி, ஒரு நாளைக்கு நாலு டம்ளருக்கு மேல் தருவதில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?
– வாசகி, தென்காசி

பதில்: முதலில் தாகம் தீரத் தண்ணீர் குடியுங்கள். நீங்கள் குடித்த தண்ணீர் பனிக்குடத்தில் போய்த் தேங்கவில்லை. நாலு டம்ளரோடு நிறுத்தினால் சிறுநீர்த் தொற்றுதான் வரும். அந்தத் தொற்றே சில சமயம் முன்கூட்டி வலியைக் கிளப்பிவிடும். இந்தப் பதிலை வீட்டில் பெரியவர்களிடமும் படித்துக் காட்டுங்கள்.

நாலாம் மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தை கழிக்கும் சிறுநீர்தான். அதையே குழந்தை விழுங்குகிறது. குடல் உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்க, நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடம் திரும்புகிறது. ஆக, நீர் கூடுகிறது என்றால் குழந்தை அதிகமாகச் சிறுநீர் கழிக்கிறதா, சரியாக விழுங்கவில்லையா என்றுதான் தேட வேண்டும்.

அதிகமாகக் கழிப்பதற்கு நாங்கள் முதலில் சந்தேகப்படுவது தாயின் சர்க்கரையை. உங்கள் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் குழந்தையின் ரத்தத்திலும் ஏறும், சிறுநீர் கூடும். 16ஆம் வாரம் நார்மலாக இருந்தது நல்லதுதான், ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை பெரும்பாலும் 24 வாரத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். அதனால்தான் 24 முதல் 28 வாரத்துக்குள் திரும்பவும் பார்க்கச் சொல்கிறோம். உங்கள் கடிதத்தில் அந்த இரண்டாவது டெஸ்ட் பற்றி ஒன்றும் இல்லை. விட்டுப்போயிருந்தால் நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டு முறை, நடை, தேவைப்பட்டால் மருந்து என்று கட்டுக்குள் கொண்டுவந்தால் நீரும் பெரும்பாலும் கூடாமல் நிற்கும். கையில் பிடித்துச் சரிசெய்யக்கூடிய காரணம் இது. அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அடுத்தது விழுங்குவதில் தடை. உணவுக்குழாயிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ அடைப்பு இருந்தால் நீர் உள்ளே போகாமல் தேங்கும். குடல் அடைப்பு ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரியாமல் இருந்து பிறகு தெரிவதும் உண்டு. அதனால் குழந்தையின் வயிற்றுப் பகுதியை நன்றாகப் பார்க்கச் சொல்லி இன்னொரு விரிவான ஸ்கேன் எடுத்துவிடுங்கள். இரைப்பை சரியான அளவில் தெரிந்தால் மனதுக்குப் பாதி தெம்பு வந்துவிடும்.

உங்கள் ரத்த வகையையும் விட்டுவிடக் கூடாது. கணவர் பாசிட்டிவா? முதல் பிரசவத்துக்குப் பிறகு ஆன்டி-டி ஊசி போட்டார்களா? குழந்தை பாசிட்டிவாக இருந்து, அதன் ரத்தத்துக்கு எதிரான பொருள் உங்கள் உடலில் உருவாகியிருந்தால் குழந்தைக்கு ரத்தசோகை வரலாம்; அதைத் தடுப்பதற்குத்தான் அந்த ஊசி. ரத்தசோகை கடுமையானாலும் நீர் கூடும். அந்த எதிர்ப்பொருள் உங்கள் ரத்தத்தில் இருக்கிறதா என்பது இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும். இரட்டைக் குழந்தைகள், சில தொற்றுகள், நஞ்சுக்கொடிக் கட்டி ஆகியவையும் காரணங்கள்தான். அவற்றை ஸ்கேனில் பார்த்துக்கொள்வார்கள்.

இவ்வளவு தேடியும் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணமே கிடைப்பதில்லை. ஏ.எஃப்.ஐ. 25க்கு மேல் போனால்தான் அதிகம் என்கிறோம், 35ஐத் தாண்டினால் கடுமை. உங்களுடைய 27 லேசான அளவு. காரணம் எதுவும் தென்படாமல் லேசாகக் கூடிய நீர் பல பேருக்குத் தானாகவே குறைந்துவிடும், குழந்தையும் நன்றாகப் பிறக்கும். ஊசி வழியாக நீரை எடுப்பதெல்லாம் மூச்சு முட்டும் அளவுக்கு வயிறு பெருத்தவர்களுக்குத்தான். யாரோ சொன்னார்கள் என்று நீரைக் குறைக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அப்படிப்பட்ட சில வலி மாத்திரைகள் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும்.

வயிறு திடீரென்று பெருத்தாலோ, விட்டுவிட்டு இறுகினாலோ, அசைவு குறைந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். பனிக்குடம் உடைந்தால் நடமாட வேண்டாம், ஒருக்களித்துப் படுத்தபடி 108க்குச் சொல்லுங்கள். நீர் அதிகம் இருக்கும்போது வேகமாக வெளியேறி, தொப்புள்கொடி முன்னால் சரிந்துவிடலாம்.

பிரசவத்தைச் சிசேரியன் வசதியும் குழந்தை மருத்துவரும் இருக்கும் மருத்துவமனையில் வைத்துக்கொள்ளுங்கள். நீர் அதிகம் இருந்தது என்று குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முதல் பால் கொடுப்பதற்கு முன் மெல்லிய குழாயை வாய் வழியே விட்டு, இரைப்பை வரை தடையில்லாமல் போகிறதா என்று பார்த்துவிடுவார். அப்புறம் ஒன்று. அதிகமாக விரிந்த கர்ப்பப்பை பிரசவத்துக்குப் பிறகு சுருங்கத் தாமதித்தால் ரத்தப்போக்கு கூடும். நெகட்டிவ் ரத்தம் கேட்டவுடன் கிடைப்பதில்லை. பி நெகட்டிவ் அல்லது ஓ நெகட்டிவ் உள்ள இரண்டு பேரைச் சொந்தபந்தத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.